நூலை விடும் நேரம்

சாயங்காலம் மழை இல்லையென்றால் அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு கோயில் திடலுக்குப் போய்விடுவேன். சுங்கை சிப்புட்டில் எங்களுக்கு அதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது. போன ஞாயிற்றுக்கிழமை பட்டம் விட்டான். தென்னை ஈர்க்கு, பழைய நாளிதழ், ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை. செம்பனை மர உயரத்தைத் தாண்டியதும் பட்டம் சுழன்று தலைகீழாக இறங்க ஆரம்பித்தது. பதறிப்போய் நூலை இழுத்தான். இழுக்க இழுக்க இன்னும் வேகமாக இறங்கியது.

“இழுக்காதேய்யா, நூலை விடு!” என்று கத்தினேன். விட்டான். பட்டம் கொஞ்சம் தள்ளாடிவிட்டுத் தானே மூக்கை நிமிர்த்திக்கொண்டது.

எனக்குச் செவலையின் ஞாபகம் வந்துவிட்டது. ஈப்போவில் ஒரு குதிரை லாயத்தில் வேலை பார்க்கிறேன். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரைகளைச் சவாரிக்குப் பழக்குவது எங்கள் வேலை. செவலையின் லகானை இழுத்தால் அவள் நிற்க மாட்டாள். கழுத்தை நீட்டி, கடிவாளத்தின்மேல் சாய்ந்து, வேகமெடுப்பாள். அவள்மேல் தப்பில்லை. லகான் இறுக்கமாக இருக்கும்போதுதான் பந்தயத்தில் ஓடியே பழகியிருக்கிறாள். மூன்று வாரம் நான் இழுத்தேன், அவளும் இழுத்தாள். என் உள்ளங்கை கொப்பளித்ததுதான் மிச்சம்.

திங்கட்கிழமை வேறு மாதிரி செய்தேன். லேசாகப் பிடித்தேன். அவள் தாடை இளகி, ஒரு காது என் பக்கம் திரும்பிய அதே நொடியில் விட்டேன். குதிரை கற்றுக்கொள்வது நாம் கொடுக்கும் அழுத்தத்தில் இல்லை, அது விலகுகிற அந்த நொடியில். இரண்டு நொடி தாமதித்தால் எதற்காக விட்டோம் என்று அதற்குத் தெரியாமலே போய்விடும். பத்துப் பதினைந்து தடவைக்கு அப்புறம் தலையைத் தாழ்த்தி வாயை மென்றாள். அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டேன்.

செவ்வாய் இரவு அண்ணன் மகன் காசை ஒளித்து வைத்து, “எந்தக் கையில, அத்தே?” என்றான். அவன் ஒளித்ததை நான் கண்டுபிடிக்கவில்லை. நான் ஒளித்தபோது மட்டும் ஐந்து தடவையும் சரியாகச் சொன்னான். எப்படி என்றால், “நீங்க அந்தக் கையைப் பாக்கவே மாட்டேங்கிறீங்க!”

பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை இருந்தது. கணக்குக் கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொல்லும். ஆஸ்கர் ப்ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் அதை ஆராய்ந்து 1907இல் எழுதினார்: கேள்வி கேட்டவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்டவரின் தலை துளி அசைந்திருக்கிறது. அந்த அசைவு அவருக்கே தெரியாது. ஹான்ஸ் அதைப் பார்த்துத்தான் நிறுத்தியிருக்கிறது. அப்படியென்றால் அந்த மூன்று வாரமும் என் தோளும் முதுகும் செவலையிடம் என்னென்ன சொல்லிக்கொண்டிருந்தனவோ.

இன்று காலை வட்டத்தில் அவள் துள்ளுநடையில் போய்க்கொண்டிருந்தாள். லகானைத் தொடவில்லை. தோளைத் தளர்த்தி, இடுப்பை அமர்த்தி, மூச்சை நீளமாக வெளியே விட்டேன். நான்கு எட்டு வைத்தாள். நின்றுவிட்டாள்.