குடோன் எங்கே வைப்பது? மதுரையைச் சுற்றிப் போட்டுப் பார்த்த கணக்கு

மளிகைச் சரக்குக்கு ஒரே குடோன், சப்ளை ஐந்து ஊருக்கு. மூன்று மாத பில்லைக் கூட்டி வாரச் சராசரி எடுத்தோம்: மதுரை நகர் 20 டன், திருமங்கலம் 8, மேலூர் 6, உசிலம்பட்டி 5, வாடிப்பட்டி 4. எக்செலில் ஒவ்வொரு ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் டன்னால் பெருக்கிக் கூட்டி மொத்த டன்னான 43-ஆல் வகுத்தால் 9.937, 78.073. கோச்சடைக்கு மேற்கே, வைகையை ஒட்டிய இடம்.

பலர் இதோடு நிறுத்திவிட்டு இடம் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். தப்பு. இந்தச் சராசரி, தூரத்தின் வர்க்கத்தைத்தான் குறைக்கும். டீசல் எரிவதோ தூரத்துக்கு. அதனால்தான் தள்ளிக் கிடக்கும் உசிலம்பட்டி வெறும் 5 டன்னோடு புள்ளியை மேற்கே இழுத்துவிடுகிறது. சரியான வழி வைஸ்ஃபெல்ட் என்ற கணிதவியலாளர் 1937-இல் கொடுத்தது: ஒவ்வொரு ஊரின் டன்னையும் இப்போதைய புள்ளியிலிருந்து அந்த ஊருக்குள்ள தூரத்தால் வகுத்து, வருவதை எடையாக வைத்து மறுபடி சராசரி. புள்ளி நகராமல் நிற்கும்வரை இதையே செய்ய வேண்டும். எங்கள் கணக்கில் அது மதுரை நகருக்குள்ளேயே போய் நின்றது. கிட்டே போகப் போகத் தூரம் பூஜ்யமாகி, எக்செல் கட்டத்தில் வகுத்தல் பிழை காட்டும், தூரத்தோடு 0.0001 கூட்டினால் சரியாகிவிடும்.

அடுத்து, உள்ளே வரும் சரக்கு. இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். 43 டன்னும் தூத்துக்குடியிலிருந்து வந்தால் அதையும் ஒரு ஊராகச் சேர்க்க வேண்டும். ஆனால் முழு லாரி லோடு டன்னுக்கு மலிவு. எனவே எடை டன் அல்ல, டன் பெருக்கல் ஒரு டன்னுக்கு ஒரு கிலோமீட்டர் வாடகை. லாரியின் அந்த வாடகை, ஊர்களுக்குச் சப்ளை போகும் சின்ன வண்டி வாடகையில் மூன்றில் ஒன்று என்றால் புள்ளி நகருக்குள்ளேயே நிற்கிறது. பாதி என்றால் தெற்கே நகரத் தொடங்குகிறது.

நகருக்குள் வாடகையும் லாரி நுழையும் நேரமும் கட்டுப்படியாகாது. ஆகவே மாட்டுத்தாவணி, கப்பலூர், சமயநல்லூர் என்று கிடைக்கிற இடங்களை எழுதி ஒவ்வொன்றுக்கும் மொத்தச் செலவு போட வேண்டும். தூரம் ரோட்டுத் தூரமாக இருக்கட்டும்: சோழவந்தானுக்கும் செக்கானூரணிக்கும் நடுவே நாகமலை குறுக்கே கிடக்கிறது, நேர்கோடு ஏமாற்றும். டன்னை நடையாக மாற்றுங்கள்: குட்டியானையில் (சின்ன லோடு வண்டி) 750 கிலோ வீதம் வாடிப்பட்டியின் 4 டன் 5.3 நடை, அதாவது 6. திரும்பி வரும் காலி வண்டிக்கும் கிலோமீட்டர் உண்டு. மதுரைப் பக்கம் குடோன் என்றால் திருமங்கலம் லோடுக்குக் கப்பலூர் டோல்கேட்டும் சேரும்.

இரண்டு இடத்துக்கும் செலவு வித்தியாசம் நூற்றுக்கு ஐந்துக்குள் என்றால் கணக்கை மூடிவிட்டு நேரில் போங்கள்: பெரிய லாரி ரிவர்ஸ் எடுக்க இடம் உண்டா, ஐப்பசி மழையில் வாசலில் தண்ணீர் கட்டுமா, மும்முனை மின்சாரம் இருக்கிறதா, காலையில் லோடுமேன் கிடைப்பார்களா.