நாலடித் தொட்டியில் ஓட்டுக் கணவாய்

மார்ச் 6
மச்சான் கணவாய் முட்டையை வலைக்கயிற்றோடு அறுத்துக் கொண்டுவந்துவிட்டார். வெள்ளைக் கொத்து. ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஏதோ துடிக்கிறது. "பொரிச்சா உன் பாடு மாப்ளே" என்று வாளியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 8
சின்னத் தொட்டியில் வைக்கப் பயம். அதில் எப்போதோ மீனுக்கு வந்த வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செப்பு மருந்து ஊற்றியிருக்கிறது. மீன் தாங்கும், கணவாய் செத்துவிடும். இத்தனைக்கும் அதன் ரத்தம் நீலமாக ஓடுவதே செப்பால்தான். நாலடித் தொட்டிக்கு மாற்றினேன்.

மார்ச் 12
தொட்டிக்கு ஏன் மூலை வைக்கிறார்கள்?

மார்ச் 19
பொரித்துவிட்டது! விரல்நகம்கூட இல்லை, ஆனால் முழுக் கணவாய்தான். மணலில் இறங்கினால் மணல் நிறம், பாறைப் பக்கம் போனால் பாறை நிறம். கண்ணுக்கு நிறமே தெரியாத பிராணி, எப்படித்தான் செய்கிறதோ.

மார்ச் 22
தூக்கமில்லை. உப்பளத்தில் வளரும் பொடி உயிரி ஆர்ட்டீமியா வேண்டிய மட்டும் கிடைக்கிறது, ஆனால் அதை மட்டும் போட்டால் குஞ்சு தேறாது. உயிருள்ள கூனி, அதான் பொடி இறால், வேண்டும். அசையாததை ஏறெடுத்தும் பார்க்காது. கழிமுகத்தில் துணி வலையோடு விடியுமுன் நின்றேன், கொஞ்சம் கிடைத்தது. அதிகம் போட்டால் மிச்சம் செத்து அம்மோனியா ஏறுகிறது, குறைத்தால் பட்டினி. அழுக்கை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், கரண்ட் போகக்கூடாது. மாலையில் ஒரு குஞ்சு தன் இரண்டு நீண்ட கைகளையும் வீசிக் கூனியைப் பிடித்தது. கத்திவிட்டேன். வீட்டில் எல்லோரும் ஓடி வந்தார்கள்.

மார்ச் 23
இன்றும் கூனி.

ஏப்ரல் 2
மதினி கணவாய்த் தொக்கு கொடுத்தனுப்பியிருந்தார். தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஏப்ரல் 9
பக்கத்து வீட்டுப் பையன் கண்ணாடியைத் தட்டினான். மையைக் கக்கிப் பின்பக்கமாகச் சீறி நேரே மூலையில் இடித்தது. கடலில் இப்படிப் பாய்ந்தால் தப்பிக்கும், இங்கே கண்ணாடிதான் இருக்கிறது. பின்முனை தேய்ந்து ஓடு வெளியே தெரிந்துவிட்டால் ஆறுவது கஷ்டம். மையை உறிஞ்சக் கரி போட்டேன், தண்ணீர் மாற்றினேன். பையனைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 15
மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது, 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில். மச்சான் ஓய்வாக வந்து தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "5 கிலோ வரைக்கும் வரும் சாதி மாப்ளே இது. எங்க வைப்பே?" பதில் இல்லை. உடல் மட்டும் 40 செ.மீ. தாண்டும். வெளிநாட்டில் வீட்டில் வளர்ப்பவர்கள் 10 செ.மீ. வரும் குள்ளச் சாதியைத்தான் வைக்கிறார்கள், அதற்கும் ஆயுள் ஒரு வருடம் போல. நம் கடல் கணவாய்க்கு இந்தத் தொட்டி ஒரு தீப்பெட்டி. யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஏப்ரல் 17
கையிலிருந்தே கூனி வாங்கித் தின்றது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 18
மூலையில் மறுபடி இடித்திருக்கிறது. சின்ன வெள்ளைத் தழும்பு.

ஏப்ரல் 20
நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. மச்சானிடம் கேட்டேன், சனிக்கிழமை முட்டை எடுத்த பக்கமே போகிறாராம். தொட்டியில் வெளியூர் மீன் எதுவும் இல்லை, அதனால் கடலில் நோய் பரவும் பயம் குறைவு. வாளிக்குப் பேட்டரி பம்ப் வாங்க வேண்டும். மூடியுள்ள வாளி.