செவலையின் முதுகில் ஆள் ஏறுவதற்கு முன்

செவலை என் பெண் குதிரை. இலங்கையில் நுவரெலியாவுக்குச் சுற்றுலாக் கூட்டம் வரும் ஏப்ரல் சீசனுக்குள் அவள் மேல் ஏறிவிடுவாயா என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். இந்த ஏப்ரலில் இல்லை. அடுத்த ஏப்ரலில்கூட அவள் எப்படி வளர்ந்திருக்கிறாள் என்று பார்த்துத்தான். இப்போது அவளுக்கு இரண்டரை வயது தாண்டியிருக்கிறது, முன்வரிசையில் நடுப் பால்பற்கள் விழுந்து பெரிய பற்கள் முளைத்துவிட்டன (அதற்குப் பக்கத்துப் பற்கள் மூன்றரையில் விழும், ஓரத்துப் பற்கள் நாலரையில்). பார்வைக்கு முழுக் குதிரை மாதிரிதான் நிற்கிறாள். எலும்புதான் இன்னும் முற்றவில்லை. குதிரைக்குக் குளம்புப் பக்கத்து எலும்புகள் முதலில் முற்றும், முன்னங்கால் முட்டி இரண்டரை வயதை ஒட்டி, முதுகெலும்பு எல்லாவற்றுக்கும் கடைசியாக ஐந்து வயதையும் தாண்டி. நாம் உட்காரப்போகிற இடம்தான் கடைசியில் தயாராகிறது, அப்படியிருக்க எதற்கு அவசரம்?

நான் இருப்பது நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளைப் பக்கம். மாமா நுவரெலியாவின் கிரகரி வாவி ஓரத்தில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றும் மட்டக்குதிரைகளைப் பல வருஷம் பார்த்தவர். நுவரெலியா 1875-இலேயே ரேஸ் கோர்ஸ் அமைத்த ஊர் என்பதால் குதிரையைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஆள் கிடைக்கும், ஆனால் அதில் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: நல்லா ஓடவிட்டுக் களைக்க வை, களைத்ததும் ஏறி உட்கார், தள்ளினால் மறுபடி ஏறு. அப்படிப் பழகிய குதிரை ஆளைச் சுமக்கும், சரி. ஆனால் அது பயத்தில் அடங்கிய குதிரை, லொறி ஹார்ன் அடிக்கிற அன்றைக்கு அந்தப் பயம் திரும்ப வெளியே வரும். எனக்கு அது வேண்டாம்.

அதனால் இவ்வளவு மாதமும் தரையில் நின்றே வேலை. முதலில் தலைக்கயிறு மட்டும். கயிற்றை லேசாகப் பிடித்து முன்னால் ஒரு சின்ன அழுத்தம் கொடுப்பேன், இழுக்க மாட்டேன், அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் கழுத்தை நீட்டுவாள், தலையை ஆட்டுவாள், பக்கவாட்டில் பார்ப்பாள். அப்புறம் முன்னங்கால் ஒன்று லேசாக அசையும், முழு அடிகூட இல்லை, எடை மட்டும் முன்னால் சாயும், அந்த நொடியில் கயிறு தளர்ந்துவிட வேண்டும். மாமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று “விடு, இப்ப விடுடா மருமகனே!” என்று சத்தம் போட்டுக்கொண்டே இருப்பார், அவருக்கு அந்தக் கால் அசைவது என்னைவிட முன்னாலேயே தெரியும். குதிரை கற்றுக்கொள்வது இழுப்பதில் இல்லை, தளர்த்துவதில். கயிறு எந்தச் சமயத்தில் தளர்கிறதோ அந்தச் சமயத்தில் தான் செய்ததைத்தான் சரி என்று எடுத்துக்கொள்ளும், பின்னால் இழுக்கும்போது நாம் விட்டுவிட்டால் பின்னால் இழுப்பதையே பழகிக்கொள்ளும். இப்போது நெஞ்சில் இரண்டு விரல் வைத்தால் பின்னால் போகிறாள், விலாவில் வைத்தால் விலகுகிறாள், கயிறு தொங்கிக்கொண்டிருக்கும்போதே கூட நடக்கிறாள். என்னைக் கேட்டால் சவாரியில் முக்கால்வாசி இதுதான்.

அடுத்தது உரப்பை. வெற்று உரப்பையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு முதலில் தோளில், பிறகு கழுத்தில், முதுகில், வயிற்றுக்குக் கீழே என்று தடவிக்கொண்டு வந்தேன், அந்தச் சரசரப்புக்கே தோல் நடுங்கும், நடுக்கம் நின்று தலை கீழே இறங்கினால்தான் பையை எடுப்பேன். இடப்பக்கம் முழுக்கப் பழகிய பிறகு வலப்பக்கம் போனால் பை அவளுக்குப் புதுசு, மறுபடி ஆரம்பத்திலிருந்துதான். ஒரு பக்கம் பார்த்துப் பழகியது மறுபக்கம் வரும்போது குதிரையைத் திரும்ப மிரள வைக்கலாம். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குத் தெரியாது, அதனால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே சட்டம், பின்னால் போகாதே, போக வேண்டுமென்றால் பேசிக்கொண்டே உடம்பைத் தொட்டுக்கொண்டே போ.

மழைக்காலத்தில் பெரிய வேலை எதுவும் நடக்கவில்லை, ஆனால் தினமும் நாலு காலையும் தூக்கிக் குளம்பைச் சுத்தம் செய்தது பெரிய பாடமாகிவிட்டது. இந்த ஈரத்தில் குளம்புக்கு அடியில் சேறும் சாணியும் தங்கினால் அழுகி நாறும், அட்டை வேறு. காலை நம் கையில் கொடுத்துவிட்டு மூன்று காலில் நிற்கிற குதிரை நம்மை நம்பிவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

சேணம் இன்னும் இல்லை, வயிற்றுப்பட்டி மட்டும். முதுகில் மடித்த சாக்கு, அதன் மேல் பட்டி. முதல் துளையில் தொங்கலாகப் போட்டுச் சின்ன வட்டம் நடத்துவேன், மூச்சை விட்டு வயிறு இளகியதும் ஒரு துளை, மறுபடி நடை, இன்னொரு துளை. வட்டத்தில் ஓடவிடுவதைப் பத்து நிமிஷத்துக்கு மேல் கொண்டுபோவதில்லை, இளம் மூட்டுக்குச் சுற்றிச் சுற்றி ஓடுவது நல்லதல்ல. அதற்குப் பதில் இரண்டு நீளக் கயிறு பூட்டி, பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி நடந்துகொண்டே ஓட்டுகிறேன், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பாதை வழியாக, கரட் மூட்டை ஏற்றும் லொறி, த்ரீவீல், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் எல்லாவற்றையும் தாண்டி. யாரும் மேலே இல்லாமலே திரும்ப, நிற்க, நடக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

எடையையும் அளந்தேன். நெஞ்சுச் சுற்றளவு 145 சென்டிமீட்டர், தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு முனைவரை 128. சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும், கிட்டத்தட்ட 226. சேணத்தோடு சேர்த்து உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பதுதான் பரவலாகச் சொல்லும் கணக்கு, அதன்படி 45 கிலோ, அதுவும் முற்றிய குதிரைக்கு. நான் 62. ஆகவே முதலில் ஏறப்போவது நான் இல்லை, சித்தப்பா மகள். அதுவும் ஆரம்பத்தில் வயிற்றை வைத்துக் குறுக்கே சாய்ந்து இறங்குவது மட்டும்.

கடிவாளம் போடுவதற்கு முன் மிருக வைத்தியரிடம் வாயைக் காட்ட வேண்டும். சில குதிரைகளுக்கு மேல்தாடையில் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் சின்னதாக ஒரு பல் இருக்கும், கடிவாள இரும்பு அதில் இடித்தால் வலிக்கும், வலித்தால் தலையை உதறும், அதைப் பார்த்து முரட்டுக் குதிரை என்று பெயர் வைத்துவிடுவார்கள். அது முடியும்வரை தலைக்கயிறே போதும். பனி கொட்டுகிற பெப்ரவரி காலைகளில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து வழுக்கும் என்பதால் வெயில் ஏறிய பிறகுதான் வெளியே கூட்டிப்போகிறேன், அந்த வாரங்களில் மேட்டுப் பாதையில் மெதுவாக ஏறி இறங்க வைப்பதுதான் திட்டம், முதுகுக்கும் பின்காலுக்கும் பலம் வர அதைவிட நல்லது இந்த மலையில் இல்லை.