டெர்மினலில் பூட்டும், ஷார்ட்கட்டில் பூட்டாது

வீட்டு லினக்ஸ் லேப்டாப்பில், திரையில் ஜன்னல்களை அடுக்கிக் கொடுப்பது ஐ3 விண்டோ மேனேஜர்தான். காபி எடுக்க எழுந்தால் போதும், மகன் வந்து கீபோர்டைத் தட்டுவான். ஐ3லாக் என்ற நிரல் திரையைப் பூட்டிவிடும், ஆனால் வெறும் ஒற்றை நிறம். திறந்திருக்கும் ஜன்னல்களே மங்கலாகத் தெரியட்டும் என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஸ்க்ராட் திரையைப் படம் பிடிக்கும், இமேஜ்மேஜிக் அதை மங்கலாக்கும், ஐ3லாக் அந்தப் படத்தைப் போட்டுப் பூட்டும்.

டெர்மினலில் பெயரை அடித்தேன், பூட்டியது. கீபோர்டு ஷார்ட்கட்டில் கட்டினேன், அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. பிழைச் செய்தியாவது வந்ததா? அதுவும் இல்லை. ஷார்ட்கட்டில் ஓடுவது எதைச் சொன்னாலும் நம் கண்ணில் படாது. அதனால் ஐ3-இன் அமைப்பு ஃபைலான கான்ஃபிகில், ஷார்ட்கட் வரியின் கடைசியில், வெளியீட்டையும் பிழையையும் ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிட்டேன். அடுத்த அழுத்தலில் விஷயம் வெளியே வந்தது: அப்படி ஒரு கட்டளையே இல்லையாம்.

கட்டளைகளை எந்த ஃபோல்டர்களில் தேடுவது என்ற பட்டியல்தான் 'பாத்'. ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரை அதில் சேர்த்திருந்தது பாஷ்ஆர்சி ஃபைலில். டெர்மினல் திறக்கும்போது, அதில் கட்டளைகளை ஓட்டும் ஷெல்லான பாஷ் அந்த ஃபைலைப் படிக்கும். ஐ3 கட்டளையைக் கொடுப்பதோ சாதாரண ஷெல்லிடம். அது அந்த ஃபைலைத் தொடுவதே இல்லை. ஸ்கிரிப்டின் முழு முகவரியையும் கான்ஃபிகில் எழுதினேன், பூட்டியது.

மறுநாள்தான் வேடிக்கை. பூட்டினால் பின்னால் தெரிவது முந்தைய நாள் திரை. அதுவும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் மங்கலாக! ஸ்க்ராட்டின் புதிய பதிப்புகள், அதே பெயரில் படம் இருந்தால் மேலெழுதாமல் பின்னால் எண் சேர்த்து வேறு ஃபைலாகப் போட்டுவிடுகின்றன. என் ஸ்கிரிப்ட் பழைய படத்தையே எடுத்து, மங்கலாக்கி, அதே பெயரில் சேமித்துக்கொண்டிருந்தது. டெம்ப் ஃபோல்டரில் பார்த்தால் படங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. மேலெழுதச் சொல்லும் ஆப்ஷனைச் சேர்த்ததும் சரியாயிற்று.

அப்புறம் வேகம். மங்கலாக்கவே மூன்று வினாடி ஆனது, அதுவரை திரை திறந்துதான் கிடக்கும். மகனுக்கு அது தாராளம். படத்தை 10 சதவீதமாகச் சுருக்கி, திரும்ப 1000 சதவீதம் பெரிதாக்கினேன். கட்டம் கட்டமாகத் தெரிகிறது, எனக்கு இதுவே பிடித்திருக்கிறது. அழுத்தியதும் பூட்டுகிறது.

எங்கு பிழை வந்தாலும் அங்கேயே நிற்கும்படி ஸ்கிரிப்டின் தலையில் ஒரு வரி வைத்திருந்தேன். மற்ற ஸ்கிரிப்டுகளில் நல்ல பழக்கம்தான். இங்கே படம் எடுப்பதில் கோளாறு என்றால் பூட்டே விழாது. அந்த வரியை எடுத்துவிட்டு, படம் தயாராகாவிட்டால் கறுப்புத் திரையோடு பூட்டும்படி மாற்றினேன். ஸ்க்ராட்டின் பெயரை வேண்டுமென்றே தப்பாக எழுதிச் சோதித்தேன், கறுப்பாகப் பூட்டியது.

லேப்டாப் மூடியைச் சாத்தினால் பூட்டுவது பாக்கி. அதற்கு, லேப்டாப் தூங்கப்போகும்போது பூட்டை ஓட்டிவிடும் எக்ஸ்எஸ்எஸ்-லாக் என்ற நிரலைப் போட வேண்டும், ஐ3லாக்கும் பின்னணிக்குப் போகாமல் ஓட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உட்காருகிறேன்.