அப்பா வழுக்கி விழவில்லை

ஒரு வெள்ளிக்கிழமை விடிய, மெல்பேர்ன் வீட்டுக் குளியலறையில் அப்பா விழுந்து கிடந்தார். வயது 74. பின்மண்டை வெடித்து, தரையெல்லாம் இரத்தம். உயிர் போய்விட்டது என்று அம்புலன்ஸ்காரர் சொன்ன கொஞ்ச நேரத்தில் வாசலில் பொலிஸ் வந்து நின்றது. எங்களுக்குத் திக்கென்றது. விக்டோரியா மாநிலத்தில் எதிர்பாராமல் வந்த சாவையும், விழுந்ததால் வந்திருக்கக்கூடிய சாவையும் கொரோனருக்கு, அதாவது மரண விசாரணை அதிகாரிக்கு, அறிவித்தே ஆகவேண்டுமாம். குடும்ப வைத்தியரின் கையெழுத்தோடு காரியம் முடியாது.

பிரேதம் சவுத்பாங்கில் இருக்கும் தடயவியல் மருத்துவ நிறுவனத்துக்குப் போனது. "வெட்டிக் கிழிக்கப் போகினமோ?" என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி. இன்னொரு கேள்வியை அம்மா வாய்விட்டுக் கேட்கவில்லை. முதல்நாள் இரவு அந்தத் தரையைக் கழுவிவிட்டது அம்மாதான்.

மத்தியானம் அங்கிருந்து ஒரு பெண் அழைத்தார். பொறுமையான குரல். முதலில் உடம்பை வெளியே பார்ப்போம், இரத்தம் எடுப்போம், பழைய மருத்துவப் பதிவுகளை வாசிப்போம், தலையிலிருந்து கால்வரை சி.ரி. ஸ்கான் எடுப்போம் என்றார். 2005 முதல் அங்கே ஸ்கானர் இருக்கிறது. பிரேதப் பையைத் திறக்காமலே எடுக்கலாம். இறந்தவருக்குக் கதிர்வீச்சுப் பயமுமில்லை, மூச்சை அடக்கச் சொல்லவும் தேவையில்லை. படம் தெளிவாக விழும். 2009 விக்டோரியா காட்டுத்தீயில் இறந்தவர்களை அடையாளம் காண உதவியதும் இதே ஸ்கான்தான்.

ஆனால் எல்லாம் தெரியாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. நுரையீரல் நாடியில் அடைத்த இரத்தக்கட்டி, அப்போதுதான் வந்த மாரடைப்பு போன்றவை ஸ்கானில் தப்பிவிடலாம். காரணம் பிடிபடாவிட்டால் கொரோனர் பிரேதப் பரிசோதனைக்கு உத்தரவிடலாம். அப்படி அறிவித்தால், மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேட்க அம்மாவுக்கு 48 மணித்தியாலம் உண்டு. அந்த எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியில் தொங்கிய கலண்டரில் சிவப்புப் பேனையால் எழுதிவைத்தேன்.

பேச்சோடு பேச்சாக, அப்பா இரண்டு நாளாக முதுகு நோகிறது என்று சித்தாலேப தைலம் பூசிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். பூச்சாடி தூக்கியதால் வந்த நோ என்பது அவர் கணக்கு. அந்தப் பெண் அதைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். முதுகில் எந்த இடம், எப்போது தொடங்கியது, நெஞ்சுக்கும் வந்ததா?

அப்புறம் இழுபறி. அப்பா வழக்கமாகப் போகும் கிளினிக்கில் பதிவுகளை அனுப்பாமலே வார இறுதிக்குப் பூட்டிவிட்டார்கள். செத்தவீட்டுக்கு வந்த சனம், "எப்ப எடுக்கிறியள்?" என்று கேட்க, பதில் சொல்லிக் களைத்துப்போனேன். திங்கள் காலை கிளினிக் திறக்கும் முன்னமே கதவடியில் போய் நின்றேன். உங்களுக்கு இப்படி நேர்ந்தால் வெள்ளிக்கிழமையே விடாமல் நச்சரியுங்கள்.

செவ்வாய் பின்னேரம் முடிவு வந்தது. பிரேதப் பரிசோதனை தேவையில்லை. மண்டையோடு முறியவில்லை, மூளைக்குள் இரத்தக்கசிவும் இல்லை. இதயத்தைச் சுற்றியிருக்கும் பைக்குள்தான் இரத்தம் நிறைந்திருந்தது. இதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக்குழாயான பெருநாடி கிழிந்து, அந்த இரத்தம் இதயத்தை அடிக்கவிடாமல் நெரித்திருக்கிறது. இரண்டு நாளாக இருந்த முதுகு நோவும் அதன் அறிகுறியாக இருந்திருக்கலாமாம். மயங்கி விழும்போதுதான் தலை அடிபட்டிருக்கிறது.

"அப்ப வழுக்கேல்லையோ?" என்றார் அம்மா.

"இல்லையம்மா."

இரவு படுக்கப்போகும் வரைக்கும் இன்னும் இரண்டு தரம் கேட்டார். வியாழன் ஸ்பிரிங்வேலில் தகனம்.