மலையகக் குளிரும் மிஞ்சிய சோறும்: பி.எச்.ஐ. வருமுன் பார்க்க வேண்டியவை

சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் மார்கழிப் போயாவோடு (பௌர்ணமியோடு) தொடங்கியதும், ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி வரையுள்ள சாப்பாட்டுக் கடைகளில் இரவு பகலாக அடுப்பெரியும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வருகிறார் என்று காதில் விழுந்தவுடன் நிலத்தைக் கழுவி, ரோல்ஸும் வடையும் வைக்கும் கண்ணாடி அலுமாரியைத் துடைத்து, பணியாளருக்குத் தொப்பி மாட்டிவிட்டால் போதும் என்று கடைக்காரர்கள் பலர் இன்னும் எண்ணுகிறார்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் பரிசோதகருக்குக் கடைக்குள் புகுந்து பார்க்கவும், மாதிரி எடுக்கவும், உண்ணத் தகாததைக் கைப்பற்றவும் அதிகாரம் தருகிறது. ஆனால் பரிசோதனையில் கடைக்கு இடப்படும் ஏ முதல் டி வரையான தரத்தில் எது கிடைக்கும் என்பதைவிட, நம்மிடம் சாப்பிட்டவர் நலமாக மலையேறி இறங்குவாரா என்பதே எனக்குப் பெரிய கவலை.

அந்தக் கவலையில் முதலிடம் சோற்றுக்கு. "இந்தக் குளிருக்குச் சோறு கெடாது, அண்ணே" என்று சமையலறையில் சொல்லாதவர் இல்லை. கிருமிகள் பெருகுவது 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில். நமக்கு நடுக்கம் தரும் 15 பாகையும் அந்த எல்லைக்குள்தான் அடங்குகிறது. தவிரவும், பெரிய சட்டியில் மூடி வைத்த சோறு மேலே ஆறிப்போனாலும் நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். பசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் சோறு வேகும்போது சாவதில்லை. அந்த வெதுவெதுப்பில் அவை முளைத்து உண்டாக்கும் நஞ்சில் ஒரு வகை, மறுநாள் ஃபிரைட் ரைஸுக்காகத் தாச்சியில் எவ்வளவு சூடாக்கினாலும் அழியாது. ஆகவே மிஞ்சிய சோற்றை அகன்ற தட்டுகளில் இரண்டு அங்குலத்துக்கு மேற்படாமல் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். கறியைச் சூடாக்கினால் அதன் நடுப்பகுதி 75 பாகையைத் தொட வேண்டும்.

இதற்கெல்லாம் உணவுக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று இன்றியமையாதது. அது சரியாகக் காட்டுகிறதா என்று கொதிநீரில் சோதிப்பவர்கள் கவனிக்க வேண்டும்: ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையை ஒட்டியே கொதித்துவிடும். 100 காட்டவில்லை என்று நல்ல கருவியைக் குறை சொல்லாமல், நொறுக்கிய பனிக்கட்டியும் சிறிது தண்ணீரும் நிறைந்த கோப்பையில் அமிழ்த்திப் பாருங்கள். அங்கே 0 காட்டினால் கருவியை நம்பலாம்.

பணியாளரின் மருத்துவச் சான்றிதழும், 3 ஆண்டுக்கு ஒருமுறை போடும் நெருப்புக்காய்ச்சல் தடுப்பூசி அட்டையும் ஒரே கோப்பில் இருக்கட்டும். பச்சை இறைச்சிக்கும் மரக்கறிக்கும் தனித்தனிப் பலகை வேண்டும் என்பதை அறியாதவர் இல்லை.

தண்ணீர் விஷயம் அப்படியல்ல. பீலித் தண்ணீர் மலையிலிருந்து வருவதால் சுத்தம் என்று நம்பிக் குடத்தில் பிடித்து அப்படியே மேசைக்கு அனுப்பும் வழக்கம் இங்கே வேரூன்றியிருக்கிறது. ஊற்றுக்கு மேலே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயமும் மலகூடமும் இருக்கக்கூடும். மழை பெய்தால் அந்தக் கழிவு கீழேதான் இறங்கும். கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் அதைக் கொதிக்கவைத்தோ குளோரின் இட்டோதான் பரிமாற வேண்டும். பரிசோதனைக்கு மாதிரி அனுப்பும் வழியைச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் பருவம் தொடங்குமுன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.