கருவி கடைசியில் வரட்டும்

ஒவ்வொரு கல்வியாண்டும் எங்கள் வட்டார வள மையத்தில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான மருத்துவ முகாம் நடக்கும். எலும்பு, கண், காது மூக்கு தொண்டை, மனநலம் என்று மருத்துவர்கள் வரிசையாக மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அடையாள அட்டைக்குப் பதிவது, சான்றிதழ் வாங்குவது, உபகரணத்துக்கு அளவெடுப்பது எல்லாம் ஒரே நாளில் முடிய வேண்டும். பார்வைக் குறைபாடா, உருப்பெருக்கி. செவித்திறன் குறைபாடா, காதொலிக் கருவி. படிவத்தில் குறைபாட்டுக்கு நேராகக் கருவியின் பெயர் ஏறிவிடும். இந்த ஏற்பாடு இல்லையென்றால் பல குடும்பங்களுக்குக் கருவி என்ற ஒன்றே எட்டாது என்பதால் முகாமை நான் மதிக்கிறேன். ஆனாலும் பள்ளிகளுக்குப் போகும்போது, அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல் பீரோவில் இருக்கும் பொருட்களைப் பார்க்கையில் மனசு கனத்துப்போகும்.

ஜாய் சபாலா என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1990-களில் இதற்கு ஒரு வழிமுறை வகுத்தார். முதலில் மாணவர், அடுத்து அவர் இருக்கும் சூழல், பிறகு அங்கே அவர் செய்ய வேண்டிய வேலை. இந்த மூன்றும் தெளிவான பிறகே கருவி. சிறப்புப் பயிற்றுநர் வேலையில் எனக்கு அதிகம் கைகொடுத்தது இந்த வரிசைதான். பையன் எந்தப் பாடவேளையில் தடுமாறுகிறான், அப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறான், அந்த நேரத்தில் ஆசிரியர் அவனிடம் என்ன எதிர்பார்க்கிறார் என்று கேட்டாலே பாதி வழி தெரிந்துவிடும்.

ஆறாம் வகுப்பில் ஒரு பையன். பிறவியிலேயே தோலிலும் கண்ணிலும் நிறமி இல்லை; கருவிழிகள் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். விளக்கு வைத்த உருப்பெருக்கி கிடைத்திருந்தது, ஆனால் தொடவே மாட்டான். வகுப்பில் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். முன்வரிசையில்தான் இடம் கொடுத்திருந்தார்கள், நல்லெண்ணத்தோடுதான். அந்த இடம் ஜன்னலுக்கு நேராக இருந்தது. பத்து மணி வெயில் முகத்தில் அடிக்க, கண்ணைச் சுருக்கித் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். எழுத்து சிறிதாக இருப்பதைவிட வெளிச்சம்தான் அவனை அதிகம் வாட்டியது. இதில் உருப்பெருக்கியின் விளக்கு வேறு. ஜன்னல் முதுகுக்குப் பின்னால் வருகிற மாதிரி இடம் மாற்றினோம். வகுப்புக்குள்ளும் விளிம்பு வைத்த தொப்பி போட்டுக்கொள்ளத் தலைமையாசிரியர் அனுமதித்தார். ஊர்த் தச்சர் ஒரு சாய்வுப் பலகை செய்து கொடுத்தார். அதில் புத்தகத்தை நிறுத்தினால் குனிந்து கழுத்து வலிக்காது. கறுப்பு ஸ்கெட்ச் பேனாவும் அகலக் கோடு போட்ட நோட்டும் சேர்ந்துகொண்டன. உருப்பெருக்கியை மட்டும் மாற்றினோம்: விளக்கு இல்லாமல் தாளின் மேலேயே வைத்து நகர்த்தும் குவிந்த கண்ணாடி. இப்போது வரைபடப் புத்தகத்தில் ஊர்ப்பெயர்களை அவனே தேடி எடுக்கிறான்.

காதொலிக் கருவியில் சிக்கல் வேறு விதம். கொடுத்த நாளில் பொருத்தமாகத்தான் இருக்கும். குழந்தை வளர வளரக் காதும் வளரும். காதுக்குள் வைக்கும் அச்சு தொளதொளத்துவிடும். இடைவெளி வழியாக ஒலி வெளியே கசிந்து மறுபடி மைக்கில் நுழைய, விசில் சத்தம் கிளம்பும். பக்கத்துப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். அடுத்த நாள் கருவி பைக்குள் போய்விடும். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் அம்மா, “மாட்டிவிட்டா பிடுங்கி எறியுறா டீச்சர், அடம்பிடிக்கிறா” என்றார். அடமெல்லாம் இல்லை. புதிய அச்சு எடுத்து மாட்டியதும் மாலை வரை கழற்றவில்லை. அடுத்தது பேட்டரி. சக்தி அதிகமுள்ள கருவிகளுக்கு 675 எண் பட்டன் பேட்டரி வேண்டும். ஸ்டிக்கரை உரித்துக் காற்று பட்டால்தான் வேலை செய்யும். உரித்த பிறகு பயன்படுத்தாவிட்டாலும் தீர்ந்துகொண்டேயிருக்கும். எங்கள் பக்கத்துக் கிராமத்துக் கடைகளில் அது கிடைப்பதில்லை. கூலி வேலைக்குப் போகும் தாய் அதற்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டு டவுனுக்குப் பஸ் ஏற வேண்டும். கருவி எழுதிக் கொடுக்கும்போதே இதையும் கணக்கில் எடுக்க வேண்டாமா?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாட்டு வகைகளை 7-லிருந்து 21 ஆக உயர்த்தியது. வாசிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் கற்றல் குறைபாடும் அதில் இடம்பெற்றது. இந்தப் பிள்ளைகளுக்குக் கைபேசியே பெரிய உதவி. பாடத்தை வாசித்துக் காட்டும், சொல்வதைத் தட்டச்சு செய்யும். ஆனால் தமிழுக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒளிச்சேர்க்கையைப் பற்றி அருமையாகச் சொன்னாள். “இலை வெயில வாங்கிக்கிட்டு அதுவே சாப்பாடு தயாரிச்சுக்குது” என்பது அப்படியே திரையில் வந்தது. விடைத்தாளுக்கு அது ஆகாது. எழுத்துத் தமிழில் பேசச் சொன்னால் அவளுக்கு யோசனையே நின்றுவிடுகிறது. அதனால் முதலில் அவள் போக்கில் சொல்லிப் பதிவு செய்வாள். பிறகு கைபேசி அதை வாசிக்கக் கேட்டு, ஒவ்வொரு வாக்கியமாக நானும் அவளும் மாற்றுவோம். நேரம் பிடிக்கிறது, பிடிக்கட்டும். பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் கிடைக்கும். அந்த எழுதுபவரிடம் வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இப்போதே வந்தாக வேண்டும்.

முழுப் பார்வையிழப்புள்ள மாணவர்களுக்கு என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் இருக்கிறது, தமிழும் வாசிக்கும். ஆசிரியர் அனுப்பும் வினாத்தாள் பழைய எழுத்துருவில் இருந்தால் மட்டும் பொருளில்லாத ஓசைகளாக உளறும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடைத் தமிழக அரசு ஏற்று அறிவித்தது 2010-இல். இன்னமும் வினாத்தாள்கள் பழைய எழுத்துருக்களில் வருகின்றன. இதற்குப் பணச் செலவே கிடையாது, தட்டச்சு செய்பவர் மனம் வைத்தால் போதும். அதனால் கணினி வந்து இறங்கும் பள்ளிகளில் பயிற்சியை மாணவரிடம் தொடங்காமல் ஆசிரியர்களிடம் தொடங்குகிறேன்.

அடுத்த முகாமுக்கு முன்னால் ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் வகுப்பாசிரியர் ஒரு வாரம் கவனித்து, எங்கே தடுமாறுகிறது என்று அரைப் பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறேன். சிலர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாளைப் படிவத்தோடு பின் அடித்து மருத்துவரின் மேசையில் வைப்பதாக இயன்முறை மருத்துவரும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.